தோட்டக்காரர் கேட்ட இடம்

டன்வோரிக் கோட்டைக்குள் போக டிக்கெட் எடுக்க வேண்டும் என்றதும் டோர்மட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் பிறந்த இடத்துக்குள்ள போக நான் டிக்கெட் எடுக்கணுமா? இந்தச் சுவரை எத்தனை தடவ ஏறிக் குதிச்சிருப்பேன்! இப்பவும் குதிப்பேன்க்கா."

"குதிப்ப. அப்புறம் உடைஞ்ச இடுப்பை யாரு அள்ளுறது? அம்பத்தெட்டு வயசாச்சு உனக்கு. வாயை மூடிக்கிட்டு வரிசையில நில்லு," என்றாள் கிர்ஸ்டி.

வரிசை என்று சொன்னாலும் முன்னால் இரண்டே பேர்தான். டிக்கெட் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் கிர்ஸ்டிக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கோட்டையின் சின்னம்மா! டன்வோரிக் பிரபுவின் ஒரே மகள் டவீனா. குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு வேலைக்காரர் பிள்ளைகளை ஒரு பார்வை பார்ப்பாளே, அவளேதான். இப்போது ஜிப் போன கம்பளிச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். பிரபு செத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. கூரை ஒழுகுகிறது, விற்க மனசில்லை, ஆகவே வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவளுக்கு இவர்களை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

"பையில என்ன? சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாது. போன வாரம் ஒருத்தர் கம்பளத்துல ஜாம் கொட்டிட்டுப் போயிட்டார்," என்றாள் டவீனா.

கிர்ஸ்டி பையைத் திறந்து காட்டினாள். ஒரு மழைக்கோட்டு, ஒரு சூப் கரண்டி, ஒரு பெரிய பிஸ்கட் டப்பா.

"டப்பாவை உள்ள திறக்க மாட்டோம்மா. சொந்தக்காரங்களுக்குக் கொண்டு போறது," என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம், காதுவரை சிவந்துபோயிற்று.

டப்பாவுக்குள் இருந்தது அவர்களுடைய அப்பா.

லாக்லன் மக்காஸ்கில், டன்வோரிக்கின் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர், தொண்ணூற்றொரு வயதில் மார்ச் மாதம் கிளாஸ்கோவில் செத்துப்போனார். சாவதற்குப் பத்து நாள் முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "என்னைப் புதைக்கக் கூடாது. எரிச்சிடுங்க. சாம்பலை டன்வோரிக்ல அந்த ரோடோடென்ட்ரான் பூச்செடி அடியில போடுங்க. மேலாகத் தூவாதீங்க. வேர் தெரியுற அளவுக்குத் தோண்டி மொத்தத்தையும் போடணும். செய்வேன்னு சொல்லு கிர்ஸ்டி." கிர்ஸ்டி செய்வேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

டன்வோரிக் பக்கத்துச் சர்ச் சபைக்காரர்கள் யாரும் பிணத்தை எரிப்பதில்லை. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு உண்டு. யார் யாருக்கு எந்தக் கயிறு என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். தலைமாட்டுக் கயிறு மகனுக்கு. ஊரில் தன் வயசுக்காரன் ஒவ்வொருவனும் அவனவன் அப்பாவின் தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்ததை டோர்மட் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். தன்னுடைய முறை வந்தபோது பிடிக்கக் கயிறு இல்லை. பொத்தானை அழுத்தினால் திரை மூடிக்கொள்கிற ஒரு தகனக் கூடத்தில், பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பாதிரியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பிள்ளைகள் வரவே இல்லை.

"கடைசி காலத்துல புத்தி பிசகிடுச்சு அவருக்கு," என்று டோர்மட் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

"புத்தி பிசகல, மனசு ஆறியிருக்கு," என்பாள் கிர்ஸ்டி. "தான் வளர்த்த செடிகிட்டயே போய்ச் சேரணும்னு ஆசைப்பட்டிருக்கார். நம்மளைத் துரத்தின இந்த நாப்பத்தெட்டு வருஷத்துல அந்தக் கோட்டையைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பாரா? நீயும் இருக்கியே. நினைச்சு நினைச்சுப் புண்ணைக் கிளறிக்கிட்டு."

இது இவர்களுக்குள் வாழ்நாள் பூராவும் நடக்கிற சண்டை. டோர்மட்டுக்கு டன்வோரிக் என்ற பேரைக் கேட்டாலே பல் நறநறக்கும். கிர்ஸ்டி அப்பா பக்கம் கையைக் காட்டுவாள்: அவரே மறந்துவிட்டார், உனக்கு என்ன வந்தது? பிரபு செத்த செய்தி வந்தபோது டவீனாவுக்கு அனுதாபக் கடிதம்கூட எழுதிப் போட்டாள் அவள். அப்பாவிடம் சொன்னதற்கு, "எப்ப செத்தான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார்.

தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கோட்டைக்குள் புகுந்துதான் போக வேண்டும். அப்படித்தான் வழி போட்டிருந்தார்கள். வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் சமையலறைக்கு அப்பால் கால் வைத்ததில்லை இவர்கள். சிவப்புக் கயிறு கட்டிய சாப்பாட்டுக் கூடம், மான்கொம்பு, வாள், பாட்டன் பூட்டன் எண்ணெய்ப் படங்கள். எல்லார் மூக்கும் ஒரே மூக்கு. ஜன்னலுக்கு வெளியே கடல், அலையே இல்லாமல் ஈயத் தகடு மாதிரி கிடந்தது.

"இவ்வளவுதானா? உள்ள என்னமோ இருக்குன்னு நினைச்சு எத்தனை நாள் ஏங்கியிருக்கேன்! நம்ம முனிசிபல் ஆபீஸ் தேவலாம்," என்றான் டோர்மட்.

"மெதுவாப் பேசு."

மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. பிரபு கையில் வெள்ளிக் கோப்பை, பக்கத்தில் ஜாடியில் ஒரு பூங்கொத்து, காலடியில் வேட்டை நாய். ஓரத்தில், ஜாடியைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு கை, சட்டையை மடித்துவிட்ட கை. அந்தக் கையின் கட்டை விரலில் நகம் கோணலாக இருந்தது. அப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும்.

டோர்மட் வெகுநேரம் பார்த்தான். "நாய் முழுசா இருக்கு. அப்பா முழங்கை வரைக்கும்தான் இருக்கார்," என்றான்.

அந்தப் பூவின் கதை இதுதான். கிர்ஸ்டி பிறந்த வருஷம், லாக்லன் இரண்டு ரோடோடென்ட்ரான் செடிகளின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுச் சேர்த்து விதை எடுத்தார். தூசி போன்ற விதை. பிரபுவின் கண்ணாடி வீட்டில் குளிர் புகுந்துவிடுகிறது என்று, நாற்றுகளைத் தேநீர்த் தட்டுகளில் வைத்து இவர்கள் அம்மா எஃபிதான் சமையலறை ஜன்னலில் மூன்று குளிர்காலம் காப்பாற்றினாள். நாற்பது நாற்றில் பிழைத்தது ஒன்று. அதுவும் பூக்கப் பதின்மூன்று வருஷம் எடுத்துக்கொண்டது. வெண்ணெய் நிறம், தொண்டைக்குள் ஒரு ரத்தச் சிவப்புத் திட்டு. "இதுக்கு உன் பேருதான்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை மேசைக்கடியில் உட்கார்ந்து டோர்மட் கேட்டான்.

பிரபு அதைக் கண்காட்சிக்குக் கொண்டு போய்க் கோப்பை வாங்கிவந்து, தன் மனைவி பேரைப் பதிவு செய்துவிட்டார். 'லேடி கான்ஸ்டன்ஸ்'. லாக்லன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எதிர்த்துப் பேசினார், அதுவும் விருந்தாளிகள் முன்னால்: "மண்ணு உங்களது, பிரபு. மகரந்தம் வெச்ச கை என்னது." மே மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வேலையோடு சேர்ந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். கிளாஸ்கோவில் கிடைத்த தரைத்தள வீட்டில் சுவரெல்லாம் ஈரம். இரண்டாவது குளிர்காலத்தில் எஃபி இருமி இருமியே செத்துப்போனாள். லாக்லன் அதன் பிறகு நகராட்சிப் பூங்காவில் புல் வெட்டினார்.

பின்வாசல் வழியாக வெளியே வந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. படிகள் இறங்கிக் கடல்சுவரை ஒட்டியே நடந்தால், காற்றுக்கு மறைப்பாக ஊசியிலை மரங்கள், அதற்குப் பின்னால் பள்ளம். கால் தானாகவே போயிற்று.

கிர்ஸ்டி அப்படியே நின்றுவிட்டாள். விட்டுப்போனபோது அவள் தோளுக்கு இருந்த செடி, இப்போது இரண்டு ஆள் உயரம். இலையே தெரியாமல் பூ. அடியில் ஒரு பச்சைப் பலகை: லேடி கான்ஸ்டன்ஸ். டோர்மட் அந்தப் பலகையைக் காலால் தள்ளப் போனான். கிர்ஸ்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாவை நிம்மதியா விட வந்திருக்கோம். சண்டைக்கு வரலை. போய் யாராவது வராங்களான்னு பாரு."

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். தோட்டக் கரண்டி கொண்டுவந்தால் வாசலில் சந்தேகப்படுவார்கள் என்றுதான் சூப் கரண்டி. சருகைத் தள்ளித் தோண்டினாள். இந்தச் செடிக்கு வேர் ஆழத்தில் இல்லை, ஒரு சாண் தோண்டுவதற்குள் நூல் நூலாகத் தெரிந்தது. டப்பாவைத் திறந்தாள்.

"அம்மா, அந்தக் கரண்டியைக் கீழ வைங்க."

பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், மூக்கில் மண். காவல் நிற்க வேண்டிய டோர்மட் கடல்நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டான்.

"நான் இஷ்பெல். இங்க தோட்டத்தைப் பாக்குறவ. சாம்பலோட வர்றதுல இந்த வருஷம் நீங்க அஞ்சாவது ஆளு," என்றாள். "மனுஷனா, நாயா?"

"என்ன கேட்ட?" என்று டோர்மட் பாய்ந்து வந்தான்.

"கோச்சுக்காதீங்கய்யா, ரெண்டும் வருது. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. வேணும்னா கீழ கடல்ல விடுங்க, ரோஜாப் பாத்தியில போடுங்க, நான் எதையும் பார்க்கலை. ஆனா இங்க மட்டும் வேணாம்மா. ரோடோடென்ட்ரானுக்குச் சுண்ணாம்பு ஆகாது. எலும்புச் சாம்பல் பூரா சுண்ணாம்பு. வேருல தோண்டிப் போட்டீங்கன்னா அடுத்த வருஷமே இலை மஞ்சளாயிடும், மூணாம் வருஷம் செடியே இருக்காது. உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு. ஒட்டுக் கட்டிப் பார்த்தாச்சு, பிடிக்கலை."

கிர்ஸ்டி கரண்டியோடு அப்படியே இருந்தாள். "நிச்சயமா தெரியுமா உனக்கு?"

"நான் சொல்லலைம்மா. இதை வளர்த்தவரே எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார். அவரோட நோட்டு இன்னும் கொட்டகையில இருக்கு, எனக்கு அதுதான் வேதம். 'அடுப்புச் சாம்பல் இந்தப் பள்ளத்துக்குள் ஒரு பிடி வரக் கூடாது. எலும்புச் சாம்பல் அதைவிட மோசம். வேரில் பட்டால் செடி செத்தது.' அடியில ரெண்டு கோடு போட்டிருக்கார். லாக்லன் மக்காஸ்கில்னு பேரு. தெரியுமா அவரை?"

டோர்மட் மெதுவாகக் கையை நீட்டிப் பிஸ்கட் டப்பாவைக் காட்டினான்.

"இதோ இருக்கார்."

இஷ்பெல் தள்ளுவண்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். டோர்மட்டுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தான்.

"புரியுதாக்கா? கிழவன் புதைக்காதே, எரின்னு ஒத்தைக் கால்ல நின்னாரே! மொத்தத்தையும் போடு, வேர்ல போடுன்னாரே! எனக்குக் கயிறு இல்லாம பண்ணினது எதுக்குன்னு இப்பத் தெரியுதா? சுண்ணாம்பு ஆகறதுக்காக! ஆகா, அப்பா! நாப்பத்தெட்டு வருஷம் பேசாம இருந்து, செத்த பிறகு வந்து இந்தச் செடியைக் கொல்றதுக்கு! புத்தி பிசகிடுச்சுன்னு சொன்னேனே, என் வாயில மண்ணைப் போட!"

கிர்ஸ்டி சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து தினமும் தேநீர் குடித்த மனுஷன், கோபமே தெரியாதவர் என்று ஊரெல்லாம் அவள் சொல்லிப் பெருமைப்பட்ட மனுஷன், இதை மனசில் வைத்துக்கொண்டா குடித்தார்? தன்னிடம் சத்தியம் வாங்கினாரே, மகனிடம் வாங்காமல் தன்னிடம்! எதற்கென்று சொன்னால் செய்ய மாட்டாள் என்று தெரிந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார். பெற்ற அப்பா அவளை ஏமாற்றிவிட்டார்.

"போடுக்கா. மொத்தத்தையும் போடு. சத்தியம் பண்ணியிருக்க," என்றான் டோர்மட், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மாட்டேன்."

"அவர் ஆசைக்கா."

"இது ஆசையாடா? இந்தச் செடியை வளர்க்கப் பதிமூணு வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும். இதைக் கொல்லுன்னு சொன்னவர் என் அப்பா இல்ல. எவரோ."

"அவர்தான் உன் அப்பா. நீ பார்க்கலை, அவ்வளவுதான்."

இஷ்பெல் தொண்டையைச் செருமினாள். "ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க அவரோட பிள்ளைங்கன்னா, எஃபிங்கறது யாரு?"

இரண்டு பேரும் திரும்பினார்கள். "எங்கம்மா. அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கிர்ஸ்டி.

"இதோட பேரு அதானே! பலகை வர்றவங்களுக்கு. அவர் நோட்டுல எஃபின்னுதான் எழுதியிருக்கார். அவருக்கு அப்புறம் வந்தவர் அப்படித்தான் கூப்பிட்டார், அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாம் அப்படித்தான். எஃபிக்கு இலை உரம் போட்டாச்சா, எஃபி இந்த வருஷம் சீக்கிரம் பூத்துட்டாளே, இப்படி. வாசல்ல டிக்கெட் கொடுக்கிறாங்களே டவீனா அம்மா, அவங்களே எஃபின்னுதான் சொல்லுவாங்க. ஏன்னு அவங்களுக்கும் தெரியாது."

டோர்மட்டின் முகம் மாறிப்போயிற்று. பலகையைப் பார்த்தான், பூவைப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தபடி, "எஃபி," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்றோ அவனுக்கு.

"அப்பாவுக்கு இது தெரியாதுக்கா," என்றான்.

"தெரியாது," என்றாள் கிர்ஸ்டி.

பிறகு டோர்மட், கடைக்காரனிடம் பேரம் பேசுகிறவன் மாதிரி இஷ்பெல் பக்கம் குனிந்தான். "ஒரு கரண்டி போட்டா என்னாகும்?"

"ஒரு கரண்டியா? இத்தனை பெரிய செடிக்கு ஒண்ணும் ஆகாது. அதிகமாப் போனா நாலு இலை மஞ்சளாகும்."

"நாலு இலை ஆகுமா? நிச்சயமா ஆகுமா?"

"ஆகும்யா."

"அப்ப சரி. அவர் கோபத்துக்கு நாலு இலை. வெறுங்கையோட அனுப்பினா நல்லா இருக்காது. மிச்சத்தை அம்மா பக்கத்துல கொண்டுபோய்ப் புதைச்சிடுவோம். போடுக்கா."

இஷ்பெல் எழுந்து, கடல்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கிர்ஸ்டி ஒரு கரண்டி அள்ளிக் குழியில் போட்டாள். சாம்பல் நினைத்ததைவிடக் கனமாக, மணல் மாதிரி இருந்தது. மூட வேண்டியதுதான். அவள் மூடவில்லை. இன்னொரு கரண்டி அள்ளினாள்.

"அக்கா."

அதையும் போட்டாள். மூன்றாவதும் அள்ளினாள்.

"அக்கா, ஒண்ணுதான்னு பேச்சு."

"எஃபிக்கு இலை உரம் போட்டாச்சா!" என்றாள் கிர்ஸ்டி. அது அவள் குரல் மாதிரியே இல்லை. "கேட்டியாடா? இங்க எல்லாரும் அம்மா பேரைச் சொல்லித் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்காங்க. அங்க நம்ம அம்மா அந்த ஈரச் சுவத்துல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன், பதினஞ்சு வயசுல, நீ தூங்கிட்ட. ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா? நான் எழுதினேனேடா இவங்களுக்கு! அந்த ஆளு செத்ததுக்கு வருத்தமா இருக்குன்னு நான் எழுதினேன்!"

கரண்டியை எறிந்துவிட்டு டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்க்கப் போனாள். டோர்மட் முட்டி போட்டு விழுந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இழுத்தார்கள்.

"விடுடா!"

"போதும்க்கா. விட்டுடு. நாப்பத்தெட்டு வருஷமா நான் கோபப்பட்டாச்சு. உன் பங்கையும் சேத்து நானே பட்டாச்சு. போதும். அம்மாவை விட்டுடு."

அவள் கை தளர்ந்தது. அவன் மூடியை அழுத்தி மூடி, குழியில் மண்ணைத் தள்ளிக் கையாலேயே தட்டிவிட்டான். அறுபத்தொரு வயதில், அந்தப் பூவுக்கு அடியில் சருகில் உட்கார்ந்துகொண்டு, கிர்ஸ்டி வாய்விட்டு அழுதாள். அம்மா செத்த அன்றைக்கு அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை. டோர்மட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.